5க = 3க: தீர்வு இல்லை என்பது தவறு

தெரியாத எண்ணைக் ‘க’ எனக் கொண்டால், 5க = 3க என்ற சமன்பாட்டில் இருபுறமும் உள்ள ‘க’வை அடித்துவிட்டபின் 5 = 3 என்பதே எஞ்சுகிறது, ஆகையால் இதற்குத் தீர்வே கிடையாது என்று கூறும் படம் ஒன்று வாட்ஸ்அப் குழுக்களில் பகிரப்படுகிறது. இது தவறு.

இருபுறமும் 3க-வைக் கழித்தால் 2க = 0; எனவே க = 0. பிரதியிட்டுப் பார்த்தால் இருபுறமும் பூச்சியமே வருகிறது. வேறு தீர்வு இல்லை.

பிழை ‘அடித்தல்’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. நாம் வழக்கமாக அடித்தல் என்று சொல்வது இங்கே உண்மையில் ‘க’வால் வகுத்தலே. பூச்சியத்தால் வகுத்தல் வரையறுக்கப்படாதது என்பதால், ‘க’ பூச்சியமன்று என்பது முன்பே உறுதியாகத் தெரிந்திருந்தால் மட்டுமே அவ்வாறு வகுக்கலாம். படத்தைத் தயாரித்தவர் அந்த நிபந்தனையைச் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, சரியான ஒரே விடையை முதல் வரியிலேயே வெளியேற்றிவிட்டார். 5 = 3 என்ற முரண்பாடு காட்டுவதெல்லாம், பூச்சியமல்லாத தீர்வு இல்லை என்பதை மட்டுமே.

கழித்தலுக்கு இத்தகைய நிபந்தனை எதுவுமில்லை. க + 5 = க + 3 என்பதில் இருபுறமும் ‘க’வைக் கழித்தாலும் அதே 5 = 3 தான் கிடைக்கிறது; ஆனால் அங்கே எந்த விடையும் விலக்கப்படவில்லை. உண்மையிலேயே தீர்வற்ற சமன்பாட்டைக் காட்ட விரும்பியிருந்தால், படத்தில் இதைத்தான் அச்சிட்டிருக்க வேண்டும்.