மருத்துவர் 'மாட்டேன்' என்று சொன்ன பிறகு

இத்தாலியில் கருக்கலைப்பை அனுமதித்த 1978-ஆம் ஆண்டின் 194-ஆம் எண் சட்டத்திலேயே, மனசாட்சி ஒப்பாத மருத்துவர் விலகிக்கொள்ள இடம் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். அதை உயிர்க்கொலை என்று உண்மையாகவே நம்புகிற ஒருவரைப் பிடித்து 'நீதான் செய்யணும்' என்று கட்டாயப்படுத்துவதை என்னால் ஏற்க முடியாது.

ஆனால் அந்தச் சட்டத்தின் 9-ஆம் பிரிவை முழுசாகப் படிக்க வேண்டும். விலக்கு கருக்கலைப்புக்கும் அதற்கென்றே செய்யும் நடைமுறைகளுக்கும் மட்டும்தான். அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பெண்ணைக் கவனிக்காமல் இருக்க விலக்கு கிடையாது. அவள் உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மறுப்பே செல்லாது. யார் மறுத்தாலும் மருத்துவமனை அந்தச் சிகிச்சையைத் தந்தே ஆகவேண்டும்.

நடப்பது வேறு. அங்கே மகப்பேறு மருத்துவர்களில் 10-க்கு 6 பேருக்கும் மேல் மறுப்பவர்கள். மொலிசே பகுதியில் பல வருடங்கள் ஒரே ஒரு மருத்துவர்தான் இதைச் செய்துவந்தார். பொதுவாகச் சட்டம் தரும் அவகாசமோ கர்ப்பத்தின் முதல் 90 நாள். அதிலும், அவசரம் இல்லையென்றால் மருத்துவரைப் பார்த்த பிறகு 7 நாள் பொறுக்க வேண்டும். நாள் தள்ளிப்போனது தெரியவே சில வாரம் ஆகிவிடும். அப்புறம் செய்கிற மருத்துவமனையைத் தேடி வேறு ஊருக்கு அலைய வேண்டும். லீவும் பணமும் கிடைக்காதவள் என்ன செய்வாள்? மறுத்தவருக்கு இதில் எந்த இழப்பும் இல்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

இன்னொரு கூட்டத்தை யாரும் பேசுவதில்லை: மறுக்காத மருத்துவர்கள். அவர்களுக்கும் மனசாட்சி உண்டு, அதனால்தான் செய்கிறார்கள். இத்தாலியில் அவர்கள் வேலையிடத்தில் பாகுபாட்டுக்கு ஆளாகிறார்கள் என்று ஐரோப்பிய கவுன்சிலின் சமூக உரிமைகள் குழுவே 2016-ல் சொன்னது.

கிளாஸ்கோவில் இரண்டு கத்தோலிக்க மருத்துவச்சிகள், கருக்கலைப்பில் ஈடுபடும் செவிலியர்களை மேற்பார்வையிடுவதும் தங்கள் மனசாட்சிக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார்கள். சிகிச்சையில் நேரடியாகப் பங்கெடுப்பதை மறுக்கலாம், மேற்பார்வையை மறுக்க முடியாது என்று 2014-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களின் நம்பிக்கையை மதிக்கிறேன், ஆனாலும் அந்தக் கோடு சரியான இடத்தில்தான் விழுந்தது. இல்லையென்றால் ஷிஃப்ட் போடுவது, போனை எடுப்பது என்று விலக்கு நீண்டுகொண்டே போகும்.

2017-ல் ரோமின் சான் கமில்லோ மருத்துவமனை, கருக்கலைப்பு செய்வதற்கென்றே இரண்டு மருத்துவர்களை எடுத்தபோது பெரிய எதிர்ப்பு. என்னைக் கேட்டால் எல்லா அரசு மருத்துவமனையும் அப்படித்தான் ஆள் எடுக்க வேண்டும். மறுக்கிறவரும் தன் மறுப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, வந்த பெண்ணிடம் எங்கே போனால் கிடைக்கும் என்று அன்றைக்கே சொல்லி அனுப்ப வேண்டும்.