ஆமாம், பிணம் தின்னிதான்!

அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "புலிக்குச் சரி, யானைக்குச் சரி. பிணம் திங்கிற கழுகுக்கெல்லாம் எதுக்குங்க அரசாங்கத் திட்டம்?" என்று மேடையில் ஒரு பேச்சாளர் கேட்க, அரங்கமே கைதட்டிச் சிரிக்கிறது. வன உயிரின வார விழாவாம்!

ஐயா, பிணம் தின்பதுதான் பாறுக் கழுகின் வேலை. அந்த வேலைக்கு ஆளில்லாமல் போனதால்தான் திட்டமே போட வேண்டி வந்தது.

மாட்டுக்கு வலி என்று டைக்ளோஃபெனாக் ஊசி போட்டோம். மருந்து உடம்பில் இருக்கும்போதே மாடு செத்தது. அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் போனது. 1990களில் தொடங்கி 15 ஆண்டுகளுக்குள் வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் காலி. காரணம் பிடிபட்டதே 2004-இல்தான். 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். நாம் விடுவோமா? மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குக் குத்தினோம். 2015-இல் குப்பியையே 3 மில்லியாகச் சுருக்க வேண்டியதாயிற்று. வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை இடுகிற பறவை, நம் சாமர்த்தியத்துக்கு எப்படி ஈடுகொடுக்கும்?

செத்த மாட்டை இழுத்துப் போட்டுவிட்டு வந்தால் மறுநாள் வெறும் எலும்புதான் கிடக்கும் என்பார் எங்கள் தாத்தா. நான் பார்த்ததெல்லாம் நாய்களைத்தான். பாறுகள் இல்லாமல் போனதால் பிணங்கள் அழுகி, நாய்களும் நோயும் பெருகி, 2000-2005 காலத்தில் இந்தியாவில் கூடுதலாக 5 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2024-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. இதற்கும் கைதட்டுங்கள்.

சிவிங்கிப்புலிக்கு (சீட்டா) உள்ள கவனிப்பு பாறுக்கு இல்லையே என்று எழுதியிருந்தேன். "சிவிங்கிப்புலி மேல் உனக்கென்ன பொறாமை?" என்று உள்பெட்டியில் ஒருவர். கொஞ்சம் பொறாமைதான். 2022-இல் நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிப்புலிகள் வந்திறங்கியதை நானும் கண்கொட்டாமல் பார்த்தவள்தான். பாறுகளுக்கும் 2020-2025 என்று ஒரு தேசியச் செயல்திட்டம் இருந்தது. கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள், எண்ணிக்கொள்கிறேன்.

"மாடு வலியில் துடிக்கும்போது கழுகைப் பார்க்கச் சொல்கிறாயா?" இன்னொருவர் கேட்டது; இது நியாயமான கேள்வி. மாடு வளர்ப்பவர்மேல் எனக்குக் கோபமில்லை. மெலாக்சிகாம் என்ற வலி மருந்து இருக்கிறது, பாறுக்கு ஆபத்தில்லை. அதைக் கேட்டு வாங்குங்கள், அவ்வளவுதான்.

"கழுகு அபசகுனம்" என்பவர்களுக்குப் பதில் சொல்லப் பொறுமையில்லை. ஜடாயுவைக் கும்பிடத் தெரிகிறது. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்கு இரண்டு கழுகு வரும் என்று அண்ணாந்து பார்த்து நின்றதும் நாம்தானே? அவை ஏன் வருவதில்லை என்று ஒருவராவது கேட்டோமா?

சரி, சொல்லிவிடுகிறேன். வீடியோவில் முன்வரிசையில் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கும் பச்சைச் சேலை நான்தான். அந்தப் பேச்சாளருக்குப் பிறகு எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அவர் முக்கால் மணி நேரம் பேசினார். "நேரமாயிடுச்சு மேடம், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட்டார்கள். நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் நான் எடுத்த பாறுகளின் படங்கள் பென் டிரைவில் அப்படியே கைப்பைக்குள் கிடக்கின்றன.