முன் டயரில் மிச்சம் பிடிக்காதீர்கள்

வாரத்துக்கு ஒருவராவது இன்பாக்ஸில் வந்து இதையே கேட்கிறார். "அண்ணா, யமஹா ஆர்15 பைக் வச்சிருக்கேன். தினமும் ஆபீஸ் போக வர, வருஷத்துல ரெண்டு மூணு தடவை ரேஸ் ட்ராக். பட்ஜெட் கம்மி. ரெண்டுக்கும் ஒரே டயர் போதுமா, பின்னாடி எது போடலாம்?" வண்டிப் பெயர் மாறும், கேள்வி மாறாது. எப்போதும் "பின்னாடி எது போடலாம்" என்றுதான் முடியும். முன் டயரைப் பற்றி இதுவரை ஒரு தம்பிகூடக் கேட்டதில்லை. அதனால்தான் இன்று உட்கார்ந்து நீளமாக எழுதுகிறேன்.

கேள்விக்குப் பதில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 150, 200 சிசி வண்டிக்கு ஒரே ஜோடி டயரில் ரோடும் ட்ராக்கும் தாராளமாக முடியும். அதற்கு விலை உயர்ந்த வெளிநாட்டு டயர் கட்டாயமில்லை. ஆனால் கையில் இருக்கும் காசை முதலில் முன் டயருக்கு ஒதுக்குங்கள், மீதியில் பின் டயரைப் பாருங்கள். நம் ஆட்கள் நேர் எதிராகத்தான் செய்கிறார்கள், நானும் ஆறு வருடம் அப்படித்தான் செய்தேன்.

என்னுடையது 2019 ஜனவரியில் எடுத்த ஆர்15 வி3. டயர் அளவு பின்னால் 140/70 ஆர்17, முன்னால் 100/80-17 (முதல் எண் அகலம், மில்லிமீட்டரில்). பின் டயர் பன்னிரண்டாயிரம், பதிமூன்றாயிரம் கிலோமீட்டரில் நடுவே தட்டையாகிவிடும். சென்னை ஜிஎஸ்டி ரோட்டில் தினமும் நேராகவே ஓட்டினால் வேறென்ன ஆகும்? அதனால் பின் டயரை இரண்டு முறை மாற்றிவிட்டேன். முன் டயரில் மட்டும் பட்டை (தரையில் படும், பள்ளம் வெட்டிய ரப்பர்) நன்றாகவே இருந்தது, தேய்மானக் குறி வரைக்கும் இன்னும் தூரம். "முன்னாடி இன்னும் ஒரு வருஷம் ஓடும் சார்" என்று கடையில் சொன்னார்கள், எனக்கும் அது இனிப்பாக இருந்தது.

2024 நவம்பர், பூந்தமல்லி. காலை ஆறரை மணி, மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. வேகம் நாற்பதுகூட இல்லை. சிக்னலில் இடது பக்கம் திரும்பும்போது நிறுத்தக் கோட்டு வெள்ளைப் பெயின்ட் மேல் முன் சக்கரம் ஏறியது, அவ்வளவுதான், ஹேண்டில் கையை விட்டுப் போனதுபோல் மடங்கியது. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஜாக்கெட் போட்டிருந்ததால் முழங்கை தப்பியது, முட்டி தப்பவில்லை. பின்னால் வந்த பால் வண்டிக்காரர் பிரேக் பிடித்து நிறுத்திவிட்டார், அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

சாயங்காலம் டார்ச் அடித்து அந்த முன் டயரைப் பார்த்தேன். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு எண்: 4818. 2018ஆம் வருடம் 48ஆவது வாரம். அதாவது நான் விழுந்த அன்று அந்த ரப்பருக்கு வயது ஆறு. கட்டை விரல் நகத்தைப் பட்டைக்குப் பக்கத்தில் அழுத்தினேன், தடம் விழவே இல்லை. அதே நகத்தை ஏழு மாதம் முன்னால் போட்ட பின் டயரில் அழுத்தினால் லேசாகப் பிறை வடிவில் குழி விழுந்து மெல்ல மறைகிறது. முன் டயரின் பள்ளங்களுக்குள்ளே, வெளியே இருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், தலைமுடி கனத்துக்கு வெடிப்புகள். பட்டை இருந்தது, பிடிப்பு இல்லை. ஆறு வருடம் வெயிலில் நின்றே அந்த ரப்பர் காய்ந்து போயிருந்தது.

பின் டயர் தேய்ந்தே நம்மை எச்சரித்துவிடும். முன் டயர் அப்படித் தேயாது. தேயாமலே கெட்டுப்போகும். அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

பின் டயர் வழுக்கினால் பல நேரம் வண்டி ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நிமிர்ந்துவிடும், நமக்கும் ஒரு நொடி அவகாசம் கிடைக்கும். முன் டயர் விட்டால் அந்த ஒரு நொடியும் கிடையாது. பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால்தான் சாய்கிறது, வளைவில் வண்டியைத் திருப்புவதும் அதுதான். "ஏபிஎஸ் இருக்கே அண்ணா" என்பார்கள். என் வண்டியிலும் இருக்கிறது. நேராகப் போகும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது காப்பாற்றும், ஆனால் சாய்ந்திருக்கும் வண்டியில் பிடிப்பே இல்லாத ரப்பருக்குப் பிடிப்பை எங்கிருந்து கொண்டுவந்து கொடுக்கும்?

இப்போது காசுக் கணக்கு. இந்த அளவுகளில் முன் டயர் விலை பொதுவாகப் பின் டயரில் பாதிதான் வரும். பொருத்துக் கூலி, புது வால்வு, வீல் பேலன்சிங் எல்லாம் சேர்த்து எனக்கு இரண்டும் ஏழாயிரத்துச் சொச்சத்தில் முடிந்தது. அதில் முன் டயர் பங்கு மூன்றில் ஒன்றுகூட இல்லை. ஒரு ட்ராக் டே (ரேஸ் ட்ராக்கில் நம் வண்டியை ஓட்ட விடும் நாள்) போக நாம் கட்டும் கட்டணம், ரேஸ் சூட் வாடகை, பெட்ரோல் எல்லாம் கூட்டிப் பாருங்கள். அதில் ஒரு துண்டை மிச்சம் பிடிக்கத்தான் ஆறு வருடப் பழைய முன் டயரோடு ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

பட்ஜெட் டயர் என்றால் மட்டமான டயர் என்று அர்த்தம் இல்லை. எம்ஆர்எஃப், அப்போலோ, டிவிஎஸ் யூரோகிரிப், சியட் எல்லாமே இந்த அளவுகளில் நல்ல டயர் போடுகிறார்கள். நான் இப்போது ஓட்டுவது பின்னால் அப்போலோ ஆல்ஃபா எச்1, முன்னாலும் அதே கம்பெனி. மிஷலினும் பைரெல்லியும் ஈரத்தில் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை தரும் என்பது என் அனுபவம், காசு இருந்தால் போடுங்கள். ஆனால் இரண்டு வருடம் கடை மூலையில் கிடந்த பைரெல்லியை விடப் போன மாதம் வந்த உள்ளூர் டயர் எனக்குப் போதும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, நல்ல விஷயம். அதற்கு மேலும் ஒரு கடையில் பெரிய தள்ளுபடி கொடுக்கிறார்கள் என்றால் விலையைப் பார்ப்பதற்கு முன் அந்த நாலு எண்ணைப் பாருங்கள். எனக்கு ஒரு கடையில் "புதுசு சார், பேப்பர்கூடப் பிரிக்கல" என்று காட்டிய டயர் மூன்று வருடம் பழசு. பேப்பர் சுற்றியிருந்தது உண்மைதான். சில டயரில் தேதி ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் இருக்கும், ரிம்மில் ஏற்றிய பிறகு அது சங்கிலிப் பக்கம் போய்விட்டால் குனிந்து தேட வேண்டும். ஏற்றுவதற்கு முன்பே புரட்டிப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். ஆறு மாதத்துக்குள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், ஒரு வருடம் வரை நான் ஏற்றுக்கொள்வேன், அதற்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவேன். எம்ஆர்எஃப்புக்கு அரக்கோணத்தில் ஆலை, ஜேகே டயருக்கு ஸ்ரீபெரும்புதூரில், அப்போலோவுக்கு ஒரகடத்தில், டிவிஎஸ்ஸுக்கு மதுரை வெள்ளரிப்பட்டியில். டயர் கம்பெனிகளை இப்படி வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு நாம் ஏன் மூன்று வருடப் பழசை வாங்க வேண்டும்?

அடுத்து அகலமான பின் டயர். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். 110/80 போட்டு வந்த வண்டியில் 130/70 ஏற்றுகிறார்கள், பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ரிம் அதே பழைய ரிம். அகலமான டயரைக் குறுகலான ரிம்மில் மாட்டினால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு, நடுவில் கூம்பு மாதிரி எழும்பும். நேராகப் போகும்போது தரையில் படும் ரப்பர் அதிகமாகாது, குறையும். எங்களோடு ட்ராக்குக்கு வந்த ஒரு பையன் இப்படித்தான் மாற்றியிருந்தான். வளைவுக்குள் வண்டி சோம்பலாகச் சாய்கிறது என்று நாள் முழுக்கச் சஸ்பென்ஷனைத் திட்டிக்கொண்டிருந்தான். அவன் முன் டயரைக் குனிந்து பார்த்தேன், வண்டியோடு வந்தது, ஐந்து வருடம். பின் டயரில் அகலத்துக்குக் கொடுத்த கூடுதல் காசில் அந்த முன் டயரை மாற்றியிருக்கலாம்.

கம்பெனி கொடுத்த அளவை மாற்றாதீர்கள். பக்கச் சுவரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தையும் பாருங்கள்: பி என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வரை, எஸ் 180, எச் 210. கம்பெனி கொடுத்த எழுத்துக்குக் கீழே இறங்காதீர்கள். முன்னால் ரேடியல் (உள்ளே நூல் அடுக்கு நேர்க் குறுக்காக ஓடும் டயர்), பின்னால் சாதா பயஸ் டயர் (நூல் சாய்வாக ஓடுவது) என்று கலக்கவும் வேண்டாம். முன்னால் பயஸ், பின்னால் ரேடியல் என்று சில வண்டிகள் கம்பெனியிலிருந்தே வருகின்றன, அது வேறு.

சரி, ட்ராக்குக்கு வருவோம். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். நேர்ச்சாலையில் என் வண்டி மீட்டரில் 130ஐத் தாண்டும், அது முடிந்ததும் வேகமான வலது வளைவு சி1. அந்த இடத்தில் முன் டயர் மேல் நம்பிக்கை இல்லாதவன் கை தானாக ஆக்ஸிலேட்டரை மூடும், வண்டி மேல் குறை சொல்வான். எனக்கு அதுதான் நடந்துகொண்டிருந்தது. புது முன் டயரோடு போன முதல் நாள், அதே வண்டி, அதே ஆள், சி1க்குள் கையை மூடாமல் போக முடிந்தது. வேறு எதையும் மாற்றவில்லை.

ட்ராக்குக்கென்று மெத்தென்ற ரேஸ் டயர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தினமும் ஆபீஸ் போகும் வண்டிக்கு வேண்டாம். அந்த ரப்பர் நல்ல சூட்டில்தான் வேலை செய்யும். தாம்பரம் போக்குவரத்து நெரிசலில், மழையில், அது சூடே ஆகாது, பிடிப்பும் வராது, சீக்கிரம் தேய்ந்தும் போகும். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும் என்பதால், யாரோ ரேஸில் ஓட்டிவிட்டு மலிவாகத் தரும் பழைய டயரும் வேண்டாம். பட்டையே இல்லாத ஸ்லிக்கை ரோட்டில் நினைத்தும் பார்க்காதீர்கள். நூற்று நாற்பது சொச்சம் கிலோ எடையுள்ள வண்டிக்கு நல்ல ரோடு ஸ்போர்ட் ரேடியலே போதும். ஏப்ரல் மதியத்தில் இருங்காட்டுக்கோட்டைத் தாரில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது, இரண்டு மூன்று சுற்றில் டயர் தேவையான சூட்டுக்கு வந்துவிடும். அந்த இரண்டு மூன்று சுற்றைப் பொறுமையாகப் போவதுதான் பெரிய விஷயம், காலை முதல் செஷனில் விழுபவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

காற்று அளவுக்கு ஒரு மீட்டர் வாங்குங்கள், சில நூறு ரூபாய். டயருக்கு அடுத்து நான் செலவழித்ததில் உருப்படியானது அதுதான். நைட்ரஜன் அடித்துத்தான் ஆக வேண்டும் என்று சொன்னால் விட்டுவிடுங்கள், நாம் அடிக்கும் சாதாக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். நான் ட்ராக்கில் காலையில் வண்டி ஆறியிருக்கும்போது கம்பெனி சொன்ன அளவிலிருந்து இரண்டு, மூன்று பிஎஸ்ஐ குறைத்து ஆரம்பிப்பேன். செஷன் முடிந்து பிட்டுக்குள் (ட்ராக் ஓரம் வண்டி நிறுத்தும் இடம்) வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே மீட்டரை வைப்பேன், அப்போது பின்னால் நாலைந்து ஏறியிருக்கும், முன்னால் அதைவிடக் கொஞ்சம் குறைவாக. அந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த முறைக்கு உதவும். திரும்பும்போது மறுபடி பழைய அளவுக்குக் காற்றடியுங்கள், பங்க் வரைக்கும் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள், கால் பம்ப் ஒன்று கையோடு இருக்கட்டும். இருங்காட்டுக்கோட்டைச் சுற்று கடிகார முள் திசையில் போவதால் டயரின் வலது தோள்தான் (ஓரம்) அதிகம் தேயும், இடது பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு "இன்னும் இருக்கு" என்று வந்துவிடாதீர்கள்.

புது டயரை வாங்கி மறுநாளே ட்ராக்குக்குப் போகவும் வேண்டாம். மேற்பரப்பு வழவழப்பு போக நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துப் பழக்குங்கள்.

நேற்று இன்பாக்ஸில் கேட்ட தம்பியிடம் பின் டயரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "முதல்ல முன் டயர்ல இருக்கற நாலு நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்புப்பா" என்றேன். ராத்திரி பத்து மணிக்கு அனுப்பினான். 0919. அடுத்த ட்ராக் டே பன்னிரண்டு நாளில் இருக்கிறது, சனிக்கிழமை கடைக்குப் போகிறோம், நானும் கூடப் போகிறேன்.