பெட்டா மீனுக்குக் குடுவை போதாது

"பெட்டா சேற்றுக்குட்டையில் வாழும் மீன், ஒரு லிட்டர் குடுவை போதும், ஹீட்டரும் வேண்டாம்" என்று அண்ணன் ஒருவர் எழுதியிருப்பது தவறு. தாய்லாந்தின் நெல்வயல்களில் நீர் ஆழம் குறைவுதான். ஆனால் பரப்பு பெரிது, வெதுவெதுப்பும் உண்டு. மேலே வந்து காற்றை விழுங்கும் உறுப்பு இருப்பதால் பெட்டாவுக்கு எளிதில் மூச்சுத் திணறாது, சரி. கழிவிலிருந்து வரும் அம்மோனியா செவுளை அரிப்பதை அந்த உறுப்பு தடுக்காதே! குடுவையில் அம்மோனியா மளமளவென்று ஏறிவிடும். 20 லிட்டர் தொட்டி, மெல்லிய ஓட்டமுள்ள வடிகட்டி, மூடி ஆகியவை வேண்டும். நீர் 24 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் லெனேசியாவில் ஜூலை குளிர்காலம்; அங்குள்ள வீடுகளில் ஹீட்டர் இல்லாமல் அது நடக்காது. குளிரில் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடக்கும் மீனைச் சாது என்று எண்ணிவிடாதீர்கள். இன்றே ஹீட்டர் வாங்குங்கள், அண்ணா.