பெயர் தெரியாதவரைப் போய்ப் பாருங்கள்

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஆகஸ்டுதோறும் நடக்கும் ஃபிரிஞ்ச் கலைவிழா நெருங்கினாலே எனக்கு ஒரு செய்தி வந்துவிடும். "எடின்பரோ வர்றோம், எந்த காமெடி ஷோவுக்கு டிக்கெட் போடலாம்?" கேட்பவர்கள் மனதில் டிவியில் பார்த்த முகங்கள்தான் இருக்கும். பாருங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு நாளாவது, பெயரே கேள்விப்படாத ஒருவரின் முதல் நிகழ்ச்சிக்குப் போய் உட்காருங்கள்.

போன வருடம் ராயல் மைல் தெருவில் தூறலில் நனைந்தபடி துண்டுச்சீட்டு கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் சீட்டு வாங்கினேன். மாலை நாலரை மணிக்கு, ஒரு பப்பின் கீழ்த்தளத்தில். போனால், அதே பெண்தான் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். போனில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டு, திரைக்குப் பின்னால் போய் மைக்கில் தன் பெயரைத் தானே அறிவித்துவிட்டு மேடைக்கு வந்தார். பார்க்க வந்தவர்கள் 9 பேர்.

தன் அப்பா வயதான பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையைச் சொன்னார். நல்ல கதை. ஆனால் சிரிக்க வேண்டிய இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சுவரில் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம்தான் கேட்டது. அவர் முகம் மாறவில்லை, அடுத்த கதைக்குப் போய்விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை, மறுநாளும் போனேன். அதே கதை. முந்தின நாள் வாக்கியத்தின் நடுவில் மாட்டிக்கொண்டிருந்த ஒரு சொல்லைக் கடைசிக்குத் தள்ளியிருந்தார், அதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் நிறுத்தினார். அவ்வளவுதான் மாற்றம். அன்றைக்கு இருந்த 14 பேரும் ஒரே நொடியில் வெடித்துச் சிரித்தோம்.

பாடகர் தனியறையில் சாதகம் செய்யலாம். ஸ்டாண்ட்-அப் கலைஞருக்கு அது முடியாது. எதிரே ஆள் வேண்டும், அதுவும் தினமும் புது ஆள். மூன்று வாரத்துக்கு மேல் நாள்தோறும் அது கிடைக்கும் இடம் என்பதால்தான் ஃபிரிஞ்சுக்கு இத்தனை பேர் வருகிறார்கள். 1947இல் எடின்பரோ சர்வதேச விழாவுக்கு அழைப்பில்லாமலே வந்து ஓரமாக நாடகம் போட்ட 8 குழுக்களில் தொடங்கியது இது. இன்றைக்கு ஒரு கோடையில் 3,000க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். அந்தக் கூட்டத்தில் ஒரு புதியவர் கண்ணில் படுவதே பெரும்பாடு.

படவும் செய்கிறார்கள். ரொமேஷ் ரங்கநாதனைப் பலருக்கும் தெரியும், ஈழத்திலிருந்து வந்த தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை, கணக்கு வாத்தியாராக இருந்தவர். 2013இல் இங்கே எடின்பரோ காமெடி விருதுகளில் சிறந்த புதுமுக விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அந்த வருடம் வென்ற ஜான் கேர்ன்ஸ், டிக்கெட் இல்லாத இலவச நிகழ்ச்சி நடத்தியவர். மறுவருடம் முதன்மை விருதும் அவருக்கே. 2023இல் புதுமுக விருது மும்பையிலிருந்து வந்த உரூஜ் அஷ்ஃபாக்குக்குப் போனது. எனக்கு அன்று முழுக்க அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் 'இலவசம்' என்ற சொல்லை நம்பிவிடாதீர்கள். 1996இல் பீட்டர் பக்லி ஹில் என்ற நகைச்சுவைக் கலைஞர் தொடங்கி வைத்த வழி அது: அறைக்கு வாடகை இல்லை, முடிவில் வாசலில் பணம் போட ஒரு வாளி. கலைஞருக்குத் தங்குமிடம் இலவசமில்லையே! ஆகஸ்டில் இந்த ஊரில் ஒரு சின்ன அறைக்குக் கேட்கும் வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். சேமிப்பைக் கரைத்தும் கடன் வாங்கியும் வருகிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே தாக்குப்பிடிக்கும் விழாவாக இது ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. அதனால் சிரித்துவிட்டுச் சில்லறையைத் தேடாதீர்கள். வேறொரு காட்சிக்கு டிக்கெட் வாங்கியிருந்தால் கொடுத்திருப்பீர்களே, அதை வாளியில் போடுங்கள்.

அப்புறம், தயவுசெய்து போனில் பதிவு செய்யாதீர்கள். பாதி வெந்த நகைச்சுவையை ஊருக்குப் பரப்பிவிட்டால் அவரால் அதைத் திரும்பச் சொல்ல முடியாது. ஒரு வருட உழைப்பு போய்விடும்.

இரண்டாம் நாள் வாளியோடு வாசலில் நின்ற அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நேற்றும் வந்தீர்கள்தானே? அந்தக் கார் கதை இன்றைக்குச் சரியாக விழுந்ததா?" என்று கேட்டார். விழுந்தது என்றேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.