வைஃபை வழியாக விமானத்தைத் திருப்ப முடியுமா?

பயணி ஒருவர் மடிக்கணினியை வைஃபையில் இணைத்து விமானத்தையே திருப்பிவிடலாம் என்று பரவும் செய்தி தவறு. இருக்கைத் திரையில் உயரமும் வேகமும் தெரிவதையே சான்றாகக் காட்டுகிறார்கள். பல விமானங்களில் அந்தத் தகவலைத் தருவது ஏரிங்க் 429 (ARINC 429) என்ற ஒருவழித் தரவுக் கம்பி. அதில் ஒரு கருவி தகவலை அனுப்பும், 20 கருவிகள் வரை அதைப் பெறலாம். பெறும் கருவி அதே கம்பியில் எதையும் திருப்பி அனுப்ப முடியாது.

விமானத்தைக் கட்டுப்படுத்தும் கணினிகளிலும் காப்பு உண்டு. ஏர்பஸ் ஏ320-இல் பறப்புக் கட்டுப்பாட்டுக் கணினிகள் 7. ஒவ்வொன்றிலும் கட்டளையிடும் பகுதி வேறு, கண்காணிக்கும் பகுதி வேறு. இரண்டின் கணக்கும் முரண்பட்டால் அந்தக் கணினியின் கட்டளை துண்டிக்கப்படும்.

கவலைப்பட வேண்டிய குறைகள் வேறு. போயிங் 787-ஐ 248 நாள் மின்சாரம் நிறுத்தாமல் வைத்திருந்தால், மென்பொருளில் நேரத்தை எண்ணும் எண்ணி (counter) அதன் உச்ச அளவைத் தாண்டி, ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒன்றாகச் செயலிழக்கக்கூடும் என 2015-இல் எச்சரிக்கப்பட்டது. யாரும் ஊடுருவாமலே நேரக்கூடிய மென்பொருள் பிழை அது.