தாகம் எடுத்தால் கல்லையா போடுவார்கள்?

மூன்றாம் வகுப்பில் போய், "காகம் ஏன் பானையில் கல்லைப் போட்டது?" என்று கேட்டுப் பாருங்கள். "தாகமாக இருந்ததால்" என்று வகுப்பே ராகம் போட்டுச் சொல்லும். விடைக்குறிப்பிலும் அதுதான் இருக்கும். காரணமும் விளைவும் நடத்தியாயிற்று என்று பாடக்குறிப்பில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம்.

எனக்கு இதில் உடன்பாடே இல்லை. தாகம் எடுத்தால் யாராவது கல்லைப் போடுவார்களா? தண்ணீர் அடியில் கிடந்தது, அலகு எட்டவில்லை. அதையும் சேர்த்துச் சொன்னால்தானே காரணம்! பாடத்தில் 'தாகம்' கண்ணில் படுகிறது, குழந்தை அதை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறது. தொடக்க வகுப்புகளில் எழுத்தும் கணக்கும் கற்பிக்கத் தமிழ்நாடு அரசு நடத்தும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் கடைசிப் படியான 'மலர்' நிலைக்கு வந்து சரளமாக வாசிக்கிற குழந்தையும் இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்க்கிறேன்.

ஒரு கண்ணாடி டம்ளரும் கொஞ்சம் கூழாங்கல்லும் போதும். பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றிக் கல்லைப் போட்டால் தண்ணீர் விளிம்புக்கு வந்துவிடும். கால் பங்கு மட்டும் ஊற்றினால், டம்ளர் நிறையக் கல்லைக் கொட்டினாலும் வராது, கல் இடுக்கிலேயே தங்கிவிடும். "அப்படியென்றால் கதையில் எவ்வளவு தண்ணீர் இருந்தது?" என்று பிள்ளைகளே கேட்பார்கள். பிறகு பாருங்கள், பாடத்தை மறுபடி எப்படி வாசிக்கிறார்கள் என்று.

முன்னால் நடந்ததெல்லாம் காரணம் என்று நினைப்பது இன்னொரு சிக்கல். (பெரியவர்களும் குறைந்தவர்கள் இல்லை. பூனை குறுக்கே போனால் திரும்பி வீட்டுக்கு வருகிறவர்கள் நம் தெருவிலேயே உண்டு.) இதற்குக் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைவிட நல்ல பாடம் கிடையாது. "காக்கை வராவிட்டால் பழம் விழுந்திருக்காதா?" என்று கேளுங்கள். ஆவணி மாதம் பனங்காட்டுப் பக்கம் போய் வந்த பிள்ளை, "பழுத்தால் தானாகவே விழும்" என்று பட்டென்று சொல்லிவிடும். கையோடு, "கல் போடாவிட்டால் பானைத் தண்ணீர் மேலே வந்திருக்குமா?" என்றும் கேட்டுவிட வேண்டும். 'அதனால்', 'ஆகவே', 'ஏனெனில்' என்று அடிக்கோடு போடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

நேரம் இல்லை என்பார்கள். ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு அல்லாடும் ஆசிரியரிடம் இதை வாதாட எனக்கு மனம் வராது. ஆனால் வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் கேட்கலாம். 'தாகம்' என்று எழுதினால் ஒரு மதிப்பெண், 'தண்ணீர் எட்டவில்லை' என்றும் சேர்த்து எழுதினால் இரண்டு என்று வையுங்கள். அடுத்த பருவத்திலேயே டம்ளரும் கல்லும் வகுப்புக்குள் வந்துவிடும்.